மாலை மட்டும் ஆடியது

என் கேமரா ஆடாது. செஞ்சி கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். படம் எடுப்பது மெஹபூப் பீயாகிய நான். என்னோடு வேலை செய்யும் ரஞ்சிதம், கண்ணாடி நெகட்டிவில் பென்சில் பிடித்து அம்மைத் தழும்பை மறைப்பாள், கலங்கியதைத் தெளிவாக்குவாள். செத்தவர்களின் படத்தில் கண்ணைத் திறந்து வைப்பதும் அவள்தான்.

அறுபத்திரண்டாம் வருஷ மார்கழியில் அரிசி மண்டி உத்திராபதியின் மனைவி சுந்தராம்பாள் காய்ச்சலில் படுத்தாள். ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. நாடி பிடித்த வைத்தியர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். பெண்ணாயிற்றே என்று படமெடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். முற்றத்தில் நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து மல்லிகை மாலை போட்டிருந்தார்கள். லென்ஸ் மூடியைத் திறந்து, நிதானமாகப் பத்து எண்ணி, மூடினேன்.

"கண்ணு தொறந்த மாதிரி இருக்கணும்மா. அவ என்னப் பாக்கற மாதிரி," என்றார் உத்திராபதி.

செத்தவர்களின் படத்தை மட்டும் உடனே கழுவிவிடுவோம். சரியாக வராவிட்டால், பாடை கிளம்புவதற்குள் ஓடிப்போய் இன்னொன்று எடுக்க வேண்டுமே. கண்ணாடி பிளேட்டை விசிறிக் காயவைத்து ரஞ்சிதத்திடம் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வேலையை ஆரம்பித்தாள்.

"இன்னாக்கா, கேமராவ ஆட்டிட்டியா? மாலையெல்லாம் கலங்கிக் கெடக்குது. ஒவ்வொரு பூவா சரி பண்ணிக்கினு இருக்கறேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் கேமராவா ஆடிச்சு? குடுடி இங்க!"

பிடுங்கிப் பார்த்தேன். நாற்காலியின் கால் தெளிவாக இருந்தது. சுவரில் இருந்த விரிசல்கூடத் தெளிவாக இருந்தது. காற்றடித்ததோ என்று பார்த்தால், நாற்காலிக் கைப்பிடியில் தொங்கிய பூச்சரம் துளியும் அசையவில்லை. மார்பின்மேல் கிடந்த மாலை மட்டும் கலங்கியிருந்தது.

நான் பத்து எண்ணிய நேரத்தில் அந்த மார்பு ஏறி இறங்கியிருக்கிறது.

"ரஞ்சிதம், அவ மூச்சு வுட்டுக்கினு இருக்கறாடி!"

அவள் கையிலிருந்த பென்சில் விழுந்தது. தெருவில் பறைச்சத்தம் கேட்டது.

பிளேட்டோடு ஓடினேன். புர்கா காலைத் தடுக்கியது. பஸ் ஸ்டாண்டுத் திருப்பத்தில் பாடைக்கு முன்னால் கையை விரித்து நின்றேன். பறை நின்றது. பெண்கள் வராத சுடுகாட்டு ஊர்வலத்தில் பாய் வீட்டுப் பெண் ஒருத்தி வழிமறித்து நிற்கிறாள் என்று கடைத்தெருவே கூடிவிட்டது.

"எறக்குங்கண்ணே! உசுரு இருக்குது! படத்துல தெரியுது!"

உத்திராபதி வெறித்துப் பார்த்தார். அடித்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"எறக்குங்கடா," என்றார்.

பிளேட்டின் கண்ணாடிப் பக்கத்தைத் திருப்பி சுந்தராம்பாளின் மூக்கடியில் பிடித்தேன். பின்னாலேயே ஓடிவந்திருந்த ரஞ்சிதம், பிளேட் ஆடாமல் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. யா அல்லா, ஊரார் முன்னால் ஒரு பிணத்தை அவமானப்படுத்திவிட்டேனா?

பிறகு, படத்திலிருந்த அவள் முகத்தின் மேலேயே, நகமளவுக்கு ஆவி படர்ந்தது.

உத்திராபதி அப்படியே நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். யாரோ வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தூக்கி ஏற்றும்போது, ரஞ்சிதம் பிளேட்டை என்னிடமிருந்து வாங்கி வெயிலில் பார்த்தாள். மாலையில் பாதிப் பூ தெளிவாகியிருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் நீ புடுங்காம இருந்திருந்தா, மீதியையும் முடிச்சிருப்பேன்க்கா," என்றாள்.