நரேல் என்ற பெயரில் ஓர் இணைப்பு

2019 மார்ச் 14, வியாழக்கிழமை. விக்டோரியா மாநிலத்தின் ஸ்டாவெல் ஊரில், ஒரு மர வீட்டில் பழைய வைஃபை இணையப் பெட்டி கழற்றப்பட்டுப் புதியது மாட்டப்பட்டது.

மாட்டியவர் பக்கத்து வீட்டு ரஸ்ஸல். மனைவியை இழந்தவர், வாய் ஓயாதவர். வீட்டுக்காரரான டெஸ் அன்று கண் பரிசோதனைக்கு ஹார்ஷம் போயிருந்தார். திரும்பியபோது சமையலறை அலமாரி மேல் பச்சை விளக்குகள் எரிந்தன. கழுவுதொட்டியில் அவருடைய குவளை கிடந்தது, பந்து உருட்டும் போட்டியில் வென்றது. அடியில் தேயிலைத் தூள் ஒட்டியிருந்தது. டெஸ் காப்பி மட்டுமே குடிப்பவர்.

"ரஸ் சிரிக்கவெச்சே கொன்னுட்டான். எனக்கு வயிறே வலிக்குது," என்றாள் அவர் மனைவி நரேல்.

தான் கடைசியாக எப்போது அவளை வயிறு வலிக்கச் சிரிக்கவைத்தோம் என்று யோசித்தார் டெஸ். நினைவுக்கு வரவில்லை. பின்னறைக்குப் போய்த் தன் கணினியைத் திறந்தார். புதிய இணைப்பின் பெயர் திரையில் வந்தது: நரேல். அவள் பெயரைத் தன் வீட்டுப் பெட்டிக்கு இன்னொருவன் வைத்திருக்கிறான். கீழே கணினி ஏதோ கேட்டது. முழுதாகப் படிக்காமல் "இல்லை" என்பதை அழுத்திவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போனார்.

மறுநாள் காலை நரேல் சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். "டெஸ், உன் படமெல்லாம் காணோம். என் கம்ப்யூட்டர்ல எதுவுமே தெரியல!"

முப்பது ஆண்டுகளாக ஊரின் பந்து உருட்டும் மன்றத்தில் டெஸ் எடுத்த படங்கள் அனைத்தும் பின்னறைக் கணினியில் இருந்தன. சமையலறையிலிருந்தே அவள் அவற்றைத் திறக்க வழி செய்து கொடுத்தவரும் அவர்தான். சனிக்கிழமை மன்றத்துப் பெண்கள் அணியின் ஐம்பதாம் ஆண்டு விழாவில் அவற்றைத் திரையில் காட்டும் பொறுப்பு அவளுடையது.

டெஸ் இரண்டு கணினிகளையும் அணைத்து மீண்டும் போட்டார். புதிய பெட்டி தன் கணினிக்கு வேறு எண் கொடுத்திருப்பதைக் கண்டுபிடித்து, அவள் கணினியில் பழைய எண்ணை மாற்றினார். அப்போதும் திறக்கவில்லை. மதியச் சாப்பாடு மேசையில் ஆறியது.

"ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடேன்."

"ஏன், எனக்கு இதச் சரிபண்ணத் தெரியாதா?"

"தெரியாதுன்னு யாரு சொன்னா? ரஸ்ஸ ஒரு தடவ கூப்பிட்டா..."

"ரஸ்ஸு, ரஸ்ஸு! அவன இங்கயே குடிவெச்சுடு."

நரேல் ஜன்னலைத் திறந்து வேலிக்கு அப்பால் குரல் கொடுத்தாள்.

ரஸ்ஸல் தோட்டக் கையுறையோடு வந்தார். பின்னறையில் டெஸ்ஸின் நாற்காலியில் உட்கார்ந்தார். நரேல் அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். டெஸ் வாசல்படியில் நின்றார். தன் அறைக்குள் நுழைய அவருக்கு இடமில்லை.

"மாப்ள, பெட்டில ஒண்ணும் தப்பில்ல," என்றார் ரஸ்ஸல். "உன் கம்ப்யூட்டர்தான் கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கு. இந்த வீட்டு மத்த கம்ப்யூட்டருங்க உன்னப் பாக்கலாமான்னு கேட்டிருக்கு. யாரோ இல்லைன்னு சொல்லியிருக்காங்க."

"யாரு?" என்றாள் நரேல்.

தானே மாறியிருக்கும் என்று சொல்லிவிடலாம். ரஸ்ஸல்கூட நம்பிவிடுவார்.

"நான்தான்," என்றார் டெஸ்.

"ஏன்?"

"பேரு... என்னவோ புதுசா இருந்துச்சு."

"என் பேரா? முப்பத்தெட்டு வருஷமா கூப்பிடுறியே! என்ன பேரு வைக்கட்டும்னு இவன் கேட்டான், நான்தான் சொன்னேன். மண்டு!" அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ரஸ்ஸலுக்கு என்ன நகைச்சுவை என்று புரியவில்லை. பதிலை மட்டும் மாற்றினார்.

சமையலறைத் திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. நரேல் பந்தை உருட்டுகிறாள். நரேலும் ரஸ்ஸலும் கோப்பையை ஏந்தி நிற்கிறார்கள். நரேல், ரஸ்ஸல், அப்போது உயிரோடிருந்த ரஸ்ஸலின் மனைவி. மழைக்கு ஒரே குடையில் நரேலும் ரஸ்ஸலும். எல்லாம் டெஸ் எடுத்தவை. டெஸ் எதிலும் இல்லை.

நரேலின் சிரிப்பு நின்றிருந்தது. "ரஸ், கேமராவ எடு," என்றாள்.

சனிக்கிழமை மன்றத்தில் காட்டிய கடைசிப் படம் ரஸ்ஸல் எடுத்தது. சமையலறை மேசையருகே நரேலும் டெஸ்ஸும் நின்றிருந்தார்கள். டெஸ்ஸின் தலையில் பாதி படச் சட்டத்துக்கு வெளியே போயிருந்தது.