மாடிக்கு ஏறிய உப்பு மூட்டை

தனியாளாக இருக்கிற பெண்ணுக்கு எதற்கு ஐந்து மூட்டை கல்உப்பு? செல்லூர் வீட்டு மாடியைத் தமிழ்வாணிக்கு வாடகைக்கு விட்டதிலிருந்து சுல்தான் பீவியின் மண்டையைக் குடைந்த கேள்வி இதுதான். அவள் சமைப்பதே ஒரு வேளை, அதுவும் பாதி நாள் பரோட்டாக்கடை பார்சல். கருவாடு போட்டால் சந்துக்கே வாசம் வந்திருக்கும். பின்னே அம்புட்டு உப்பும் எங்கே போகிறது?

கேட்டால் பதில் என்னவோ பவ்யமாகத்தான் வந்தது. கடலோரச் சதுப்பில் வளரும் அலையாத்திச் செடியைப் பற்றி ஆராய்ச்சியாம். முத்துப்பேட்டையிலிருந்து கன்று கொண்டுவந்து, தொட்டிகளில் உப்புத்தண்ணீர் ஊற்றி, எம்புட்டு உப்பு வரைக்கும் தாங்கும் என்று பார்க்கிறாளாம். மூன்று வருஷப் படிப்பும் அந்தக் கன்றுகளை நம்பித்தானாம். நல்ல கதை! கடலே இல்லாத மதுரையில் வந்து எவளாவது கடல்செடி வளர்ப்பாளா? கல்லூரியில் தொட்டி வைக்க இடம் கிடைக்கவில்லை என்றதையும் சுல்தான் பீவி நம்பவில்லை. அவள் இல்லாத நேரம் பார்த்து மாடியேறி, தொட்டியை மூடியிருந்த வலையைத் தூக்கிப் பார்த்தாள். நிஜமாகவே செடிதான் இருந்தது. அப்போதும் சந்தேகம் தீரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கிணற்றுத் தண்ணீர் கரிக்கத் தொடங்கியது. சுல்தான் பீவி வீட்டுக் கிணறுதான் அந்தச் சந்துக்கே குடிதண்ணீர். குடத்தோடு வந்த பெண்கள் மாடியை அண்ணாந்து பார்த்து முணுமுணுத்தார்கள். பின்சந்தில் சாயப்பட்டறை வைத்திருக்கும் மகன் உபைதுல்லா எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசினான். தொட்டி ஒழுகித்தான் உப்பு கிணற்றில் இறங்குகிறது, அந்தப் பிள்ளையை முதலில் கிளப்பு என்றான். வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டாள் சுல்தான் பீவி.

தமிழ்வாணி அழுதாள். இப்போது இடம் மாற்றினால் கன்றெல்லாம் செத்துப்போகும், மூன்று வருஷமும் பாழ் என்றாள். சுல்தான் பீவி மசியவில்லை. செய்யாத குற்றத்துக்குப் பழி விழுந்த ஆத்திரத்தில் தமிழ்வாணி கிணற்றுத் தண்ணீர் ஒரு டம்ளர் கேட்டு வாங்கினாள். ஒரு கண்ணாடிக் குழாயில் அதையும், இன்னொன்றில் தொட்டித் தண்ணீரையும் ஊற்றி, இரண்டிலும் ஏதோ மருந்து விட்டாள். தொட்டித் தண்ணீர் லேசாக மங்கியதோடு சரி. கிணற்றுத் தண்ணீர் மோர்போல வெளுத்துவிட்டது.

"என் தொட்டியில இருக்கது சமையல் உப்புங்கம்மா. கிணத்துல இருக்கது வேற. சாயம் ஏத்துறப்ப போடுற உப்பு."

சுல்தான் பீவி பின்சுவரைத் திரும்பிப் பார்த்தாள். கிணற்றுக்கும் மகன் பட்டறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவன் இந்த வீட்டில் தண்ணீர் குடித்தே ரொம்ப நாளாகிறது. கிணறு கரிப்பதற்கு முன்னாலேயே கேன் தண்ணீருக்கு மாறிவிட்டான். வசதி வந்த திமிர் என்றல்லவா நினைத்திருந்தாள்!

மகனைக் கூப்பிட்டுக் கேட்டாள். பட்டறைக் கழிவைப் வற்றிப்போன பழைய ஆழ்துளைக் குழிக்குள் விடுவதை அவன் மறைக்கவில்லை. வெளியே விட்டால் அதிகாரிகள் பட்டறைக்குச் சீல் வைத்துவிடுவார்களாம்.

"அந்தப் பிள்ள வெளியூரு, போனாப் போகுது. நீ வாயத் தொறக்காத, போதும்."

பெற்ற பாசம். வாயை மூடிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் உபைதுல்லாவே வந்து தொட்டிகளைக் கீழே இறக்க ஆரம்பித்தான். சந்துப் பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். வெயிலில் வைத்த கன்றுகள் வாடத் தொடங்கின. எங்கே எல்லார் முன்னாலும் அந்தப் பெண் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவாளோ என்று சுல்தான் பீவிக்குப் பயம். தமிழ்வாணியோ அவளைப் பார்த்தபடி நின்றாள், அவ்வளவுதான். சுல்தான் பீவிக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

விறுவிறுவென்று போய்க் கிணற்றில் ஒரு சொம்பு மொண்டு வந்து மகனிடம் நீட்டினாள்.

"வேர்த்துக் கொட்டுது. குடிச்சிட்டுத் தூக்கு."

வாங்கினான். வாயருகே கொண்டுபோகவில்லை. அம்மா என்று அடிக்குரலில் கெஞ்சினான்.

"எம்புள்ளைக தினமும் இதத்தானண்ணே குடிக்குதுக. நீங்க ஏன் குடிக்க மாட்டேங்குறீக?" என்றாள் அடுத்த வீட்டு ஆயிஷா சித்திகா. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்ன போட்டுருக்கான்னு அவனுக்குத் தெரியும்ல, அதான் குடிக்க மாட்டேங்குறான்" என்றாள் சுல்தான் பீவி, சந்து முழுக்கக் கேட்கும்படி. பிறகு மகனைப் பார்த்துச் சொன்னாள்.

"தொட்டிய மேல ஏத்துடா."