வாங்காத பொருள்

1

பில்லின் கடைசி வரியை முதலில் படிக்கக் கூடாது. எல்லாரையும் போல மேலிருந்து வரவேண்டும். வாங்கியது என்ன, விலை சரியா, தள்ளுபடி போட்டார்களா, அப்புறம்தான் கடைசி வரி. சரி, இந்த முறை மட்டும் முதலில் பார்த்துவிடலாம்.

இப்படி நினைத்துக்கொண்டுதான் அவள் சூப்பர் மார்க்கெட் வாசலில், தள்ளுவண்டிகளை அடுக்கும் கம்பியோரமாக நிற்கிறாள். கடைசி வரியில் இருப்பது கடை அட்டையில் சேர்ந்திருக்கும் பாயிண்ட். அதில் என்ன இருக்கிறது, இப்படித் தவிப்பதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்கு முன் இந்தக் கதை எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் நேரம் இருக்காது.

போன மாதம் என் பில்லில் நான் வாங்காத சவர பிளேடு ஒரு பாக்கெட் ஏறியிருந்தது. ரீஃபண்ட் கவுண்டரில் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஏழு பேர். நிற்கும்போது தோன்றியது: இந்த பில்லை வேறு யாராவது படித்தால், என் வீட்டில் தினமும் சவரம் செய்துகொள்ளும் ஒருவர் இருப்பதாக நினைப்பார்கள். அந்த நினைப்பு எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தது. பிறகு இன்னொன்று தோன்றியது: என் பில்லை யார் படிக்கப்போகிறார்கள்?

(என்னைப் பற்றி இவ்வளவு போதும்.)

2

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. கணவர்

இந்த வாக்கியத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன். அவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கதை அவர் பக்கம் சாய்ந்துவிடும். இது மகளைப் பற்றியது.

அவள் வேலை செய்வது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்து உட்காரவைப்பது அவள் வேலை. ஒரு மயிரிழை கூடினாலும் லென்ஸ் உட்காராது, குறைந்தால் விழுந்துவிடும். வேலையில் இவ்வளவு நிதானமான அவள், ஒரு வருடமும் பத்து மாதமும் முன்பு ஒருநாள், மகளின் ஆபீஸுக்குள் நேராக நுழைந்தாள். ஏற்கெனவே ஒரு கல்யாணமாகி விவாகரத்தானவனோடு மகள் சேர்ந்து வாழப்போகிறாள் என்று கேள்விப்பட்டு, பன்னிரண்டு மேஜைகளுக்கு நடுவில் நின்று

(அவள் பேசியதை மூன்று விதமாக எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். எதை எழுதினாலும் அவளை மன்னிக்க முடியாமல் போகிறது.)

மகள் அங்கேயே, எல்லார் முன்னாலும் அழுதாள். பிறகு படிக்கட்டு வரை கூட வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்: “இனிமே எனக்குப் போன் பண்ணாதம்மா. வரவும் வராத. எனக்கா எப்பத் தோணுதோ அப்ப நான் பண்றேன்.”

பிறகு மகள் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டாள். இதுவரை அவளுக்குத் தோன்றவில்லை. அம்மாவும் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள்.

ஆனால் கடை அட்டை மகளின் நம்பரில் இருக்கிறது. காலேஜில் படிக்கும்போது மகள் வாங்கிய அட்டை. அம்மா சாமான் வாங்கி அந்த நம்பரைச் சொன்னதும், மகளின் போனுக்கு ஒரு மெசேஜ் போகும். அதைத் தொட்டால் பில் முழுதாகத் திறக்கும். மகள் இருக்கும் ஊரிலும் அதே கடைக்குக் கிளை உண்டு.

பிரிந்து ஏழாவது மாதம், கடைசி வரியில் பாயிண்ட் குறைந்திருந்தது. அம்மா அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாயிண்ட்டைக் கழித்து ஏதோ வாங்கியிருக்கிறாள். நடமாடுகிறாள். கடை வாசலுக்கு வந்து போகும் தெம்பு இருக்கிறது. பாயிண்ட்டை வீணாக்காத புத்தி என் புத்திதான்.

இன்னொரு முறை பில்லின் அடியில் ஒரு கூப்பன் அச்சாகியிருந்தது. அட்டையில் முன்பு வாங்கியதைப் பார்த்துத்தான் கடை கூப்பன் தரும். இது பூனை உணவுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி. அம்மா வீட்டில் பூனை கிடையாது. மறுநாள் கண்ணாடிக் கடையில், யாரும் கேட்காமலே, “எம்பொண்ணு பூனை வளக்குறா” என்றாள்.

“அப்படியா, என்ன நிறம்?” என்று கேட்டார் முதலாளி.

“இன்னும் தெரியல.”

3

இந்த இடம் வரை என் அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எதுக்குடி இவ்ளோ சுத்து? ஒரு போனப் போட்டுப் பேசிட்டா முடிஞ்சுது.”

“போன் பண்ணாதன்னு சொல்லிட்டாளே, அக்கா.”

“புள்ளைங்க ஆயிரம் சொல்லும்.”

“பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேக்காமதானே ஆபீஸுக்குப் போய் நின்னா?”

அக்கா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். “அப்ப மெசேஜ் மட்டும் போலாமா? அதுவும் கதவத் தட்டுறதுதானே?”

இதை என் கதையில் வருகிறவளும் யோசித்திருக்கிறாள். வேண்டாமென்றால் மகள் அந்த மெசேஜை நிறுத்தியிருக்கலாம் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். நிறுத்துவது எப்படி என்று மகளுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதையும் அவளே நினைத்துக்கொள்கிறாள், பெரும்பாலும் பஸ்ஸில்.

எப்படியோ, அவள் சாமான் வாங்கும் விதம் மாறிவிட்டது. மூட்டுவலித் தைலத்தை இந்தக் கடையில் வாங்குவதில்லை. அதை மருந்துக்கடையில், பில் இல்லாமல் வாங்குகிறாள். ஒரு ஆளுக்கு அரைக்கிலோ சர்க்கரை போதும் என்றாலும் இரண்டு கிலோ பாக்கெட்டை எடுக்கிறாள். வீட்டுக்கு நாலு பேர் வந்துபோகிறார்கள் என்று இருக்கட்டும். வாக்கிங் போக காலுறை. ஒருமுறை பூனைக் கூப்பனைக் கொடுத்து ஒரு பாக்கெட் வாங்கினாள். வாங்கலாமா கூடாதா என்று அலமாரி முன்னால் இருபது நிமிடம் நின்றாள். மகள் திறந்து பார்ப்பாளா என்றே தெரியாத ஒரு கடிதத்தை, வாரம் ஒருமுறை, அலமாரி அலமாரியாக நடந்து எழுதினாள்.

4

இப்போது தவறு நடக்க வேண்டும்.

சனிக்கிழமை. வரிசையில் அவளுக்கு முன்னால் ஒரு முதியவர். அவர் வாங்கியிருந்த பெரியவர்களுக்கான டயபர் பாக்கெட்டை பில் போடுகிறவன் அடித்து ஓரமாக வைத்தான். அது நழுவி அவளுடைய சாமான்களோடு சேர்ந்தது. அவன் பேச்சுக் கவனத்தில் அதை அவள் பில்லிலும் அடித்துவிட்டான். முதியவர் தன் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவள் இரண்டையும் கவனிக்கவில்லை.

வாசலுக்கு வந்து, நீங்கள் முதலில் பார்த்தபடி, கடைசி வரியைப் படித்தாள். பாயிண்ட் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஏன் என்று மேலே தேடிக்கொண்டு போனாள்.

பெரியவர் டயபர், எல் சைஸ், ஒரு பாக்கெட்.

கூடுதலாகக் கொடுத்த காசு அவளுக்கு இரண்டாவதாகத்தான் உறைத்தது. அவள் கைகள் நடுங்க

இல்லை, நடுங்கவில்லை. லென்ஸ் தேய்க்கும் கை அது. ஆனால் மெசேஜ் போயாகிவிட்டது. அந்த ஊரில், ஏதோ ஒரு மேஜையில், மகளின் போன் ஒருமுறை அதிர்ந்திருக்கும். அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அந்த பில் சொல்லியிருக்கும்.

உடனே திரும்பி உள்ளே போயிருக்கலாம். முதல் பிரதியில் அப்படித்தான் எழுதினேன், கதை அரைப்பக்கத்தில் முடிந்துபோனது. இரண்டாவது பிரதியில் அவள் வாசலிலேயே நின்றாள். கையில் பில்லை மடித்துக்கொண்டு, இதற்கு முன் தனக்கு வராத ஒரு யோசனையோடு: இதைப் பார்த்தாலாவது போன் பண்ணுவாள்.

அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

5

ஞாயிறு: போன் மூன்று முறை அடித்தது. ஒன்று தவறான அழைப்பு, ஒன்று கடன் வேண்டுமா என்று, ஒன்று கண்ணாடிக் கடை முதலாளி.

திங்கள்: அடிக்கவில்லை. குளிக்கப் போகும்போதும் போனை எடுத்துப்போய் ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

செவ்வாய்: ஒரு லென்ஸை உடைத்தாள். பல வருடத்தில் முதல்முறை.

(இந்த மூன்று நாளையும் நான் நீட்டியிருக்கலாம். எனக்கே தாங்கவில்லை.)

6

புதன்கிழமை மதியம் ரீஃபண்ட் கவுண்டருக்குப் போனாள். காசு கேட்கவா, பில்லைத் திருத்தவா, சும்மா விசாரிக்கவா என்று வரிசையில் நிற்கும்வரை அவளுக்கே தெரியவில்லை.

“பில்லும் பொருளும் குடுங்க ஆன்ட்டி” என்றாள் கவுண்டர் பெண்.

“பொருள் எங்கிட்ட இல்லம்மா. நான் வாங்கவே இல்ல.”

“வாங்காததையா திருப்பித் தர வந்திருக்கீங்க?”

பின்னால் நின்றவர் குரல் கொடுத்தார்: “நான்கூட ரெண்டு டிவி வாங்கலம்மா. எனக்கும் காசு குடுப்பியா?”

வரிசை சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு, நடந்ததைச் சொன்னாள். கவுண்டர் பெண் திரையில் தேடினாள்.

“ஆமா. முன்னாடி பில்லுலயும் அதே பாக்கெட் இருக்கு, ஒரே நிமிஷத்துல. ரெண்டு தடவ அடிச்சிருக்காரு. சாரி ஆன்ட்டி.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஆனா பில்லத் திருத்தணும்னா மேனேஜர் வரணும். இப்பதான் சாப்பிடப் போனாரு, முக்கால் மணி நேரம் ஆயிடும். அதுக்குப் பதிலா அந்தக் காசுக்குக் கூப்பனாப் போட்டுத் தந்துடறேன். கூடவே ஒரு தள்ளுபடிக் கூப்பனும் தரேன். பில்லத் தொடவே வேணாம்.”

அவள் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண் திரையைப் பார்த்துச் சிரித்தாள். “உங்க வீட்ல யாரோ கணக்குல ரொம்பக் கறார் போல. இந்த பில்ல ஆறு தடவ திறந்து பாத்திருக்காங்க.”

“ஆறா?”

“ஆறு. கடைசியா இன்னிக்குக் காலைல.”

இந்த இடத்தில் நான் குறுக்கே வந்தேன். கூப்பனை வாங்கிக்கொள் என்றேன். நீ பொய் சொல்லவில்லை, மிஷின் சொன்னது. ஆறு முறை திறந்தவள் ஏழாவது முறை கூப்பிட்டுவிடுவாள். இன்னும் ஒரே ஒரு நாள். முடிவை எழுதியே வைத்திருந்தேன்: வியாழக்கிழமை, தேய்த்த லென்ஸை அவள் துணியால் துடைக்கும்போது, திரையில் மகளின் பெயர்.

அவள் ‘ஆறு’ என்ற எண்ணிலேயே நின்றாள். ஒரு வருடமும் பத்து மாதமும் கழித்து, நாலு நாளில் ஆறு முறை அவளுடைய குழந்தை அவளை நினைத்திருக்கிறாள். இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது. பிறகு அந்த ஆறு முறையும் மகளின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்தாள். தானே போட்ட கோட்டைத் தானே எப்படித் தாண்டுவது என்று தெரியாமல், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், போனைத் திறந்து மூடும் முகம். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு மேஜைகளுக்கு நடுவில் பார்த்திருக்கிறாள்.

“கூப்பன் வேணாம்மா. பில்லத் திருத்திக் குடு.”

“திருத்தினா அந்த நம்பருக்கு இன்னொரு மெசேஜ் போகும் ஆன்ட்டி.”

“போகட்டும்.”

“ரொம்ப நேரமாகுமே.”

“நிக்கிறேன்.”

அவள் ஓரமாகத் தள்ளி நின்று, டிவி வாங்காதவருக்கு வழி விட்டாள்.

திருத்திய பில் போய்ச் சேர்ந்ததும் மகள் என்ன செய்வாள்? இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மகள் பெருமூச்சு விட்டு, போனைக் கீழே வைத்து, பூனைக்குத் தட்டு வைக்கப் போகிறாள். அவ்வளவுதான். இன்னொன்றில் அந்த நிம்மதியிலேயே, சிரித்துக்கொண்டே கூப்பிடுகிறாள். இரண்டாவதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. அதையே வைத்துக்கொள்கிறாயா என்று, கவுண்டர் ஓரமாக நிற்பவளைக் கேட்டேன்.

அவள் கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அந்த முடிவு அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

“வேணாங்க” என்றாள். “போன் அடிச்சுதுன்னு நீங்க எழுதிடாதீங்க. அவளுக்காத் தோணட்டும்.”