லிம் என்று எழுதிய பலகை

"வாசல்ல தொங்கறது யார் பேரும்மா?"

குவாபாரா அம்மா என்னைத்தான் கேட்டார். கழற்றிய செருப்பை வழக்கம்போல வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டே கேட்டார். எனக்கு யாரிடமும் அவ்வளவு சுலபமாகப் பேச்சு வராது. பள்ளியில் ஜப்பானிய மொழி போய்ச் சீன மொழி வந்தபோது, எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்களே என்ற பயத்திலேயே படிப்பை விட்டவள் நான்.

ஐம்பது வருஷம் தைவானை ஆண்ட ஜப்பான் போரில் தோற்றதற்கு அடுத்த வசந்தம் அது. தைபேயில் இருந்த ஜப்பானியர்கள் எல்லோரும் கப்பலேற வேண்டும் என்று உத்தரவு. தூக்க முடிந்த மூட்டையை மட்டும் எடுத்துப் போகலாம். மீதியைக் குவாபாரா அம்மா தினமும் தெருவோரம் பாய் விரித்து விற்றுவந்தார். வீட்டை மட்டும் அப்பாவுக்கு விட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். அப்பா தேயிலைப் பெட்டி செய்கிறவர். அந்த வீட்டு அலமாரிகள் எல்லாம் அவர் கைவேலை. காலி வீடென்றால் புதிய சீன அதிகாரிகள் முத்திரைத் தாள் ஒட்டி எடுத்துக்கொள்வார்கள் என்பதால், குவாபாரா அம்மா கிளம்புவதற்கு முன்பே நாங்கள் குடிவந்துவிட்டோம். ஊரில் பலர் அப்படித்தான் செய்தார்கள்.

குவாபாரா அம்மா கேட்டது ஒன்றுதான்.

"பேர்ப்பலகை மட்டும் அப்படியே இருக்கட்டும், லிம் ஐயா. தாதாஷி வர்ற வரைக்கும்."

தாதாஷி அவருடைய ஒரே மகன். கிழக்குக் கடற்கரையில் ராணுவ முகாமில் இருந்தான். அவன் வந்துவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து கப்பலேறலாம். பிரிந்து போனால் ஜப்பானில் எங்கே போய்த் தேடுவது? அவன் பிறந்தது இந்த வீட்டில். அந்த நாட்டைப் பார்த்ததே இல்லை. அங்கே இருந்த ஒரே பெரியப்பாவின் தெருவும் குண்டில் எரிந்துபோயிருந்தது.

அப்பா தலையைத் தாழ்த்தி, "ஆகட்டும்மா" என்றார்.

அப்பாவுக்கு அந்த வீட்டின்மேல் இருந்தது வெறும் ஆசை என்று சொல்ல முடியாது. கோட்டைச் சுவருக்கு உள்ளே இருந்த பழைய ஊரில்தான் அவர் பிறந்தார். ஜப்பானியர்கள் சுவரை இடித்து அகலமான சாலை போட்டபோது தாத்தாவின் வீடும் அதோடு போனது. "எனக்கு அப்ப அஞ்சு வயசு. அந்தச் சுவர்க் கல்லெல்லாம் இப்ப சாக்கடைக்குக் கரை கட்டிக் கிடக்கு" என்பார். பிறகு இந்த வீடு இருக்கிற அந்தப் பகுதியில் எங்கள் ஆட்கள் வேலைக்காரர்களாகத்தான் நுழைந்தார்கள்.

குடிவந்த அன்று அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அறை அறையாக நடந்தார்.

"பாருடி, உங்கப்பா நாலு விரக்கடை வளந்துட்டாரு" என்றாள் அம்மா. "நிலைப்படி இடிக்கப் போகுது, குனிஞ்சு நடங்க மகாராஜா! முதல்ல செருப்பைக் கழட்டுங்க, அது பாய்!"

குவாபாரா அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாங்கள் அவரை அப்படிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஒவ்வொரு நாளும் கிளம்பும்போது அவர், "போயிட்டு வரேன்" என்பார். வீட்டில் இருப்பவர் "போயிட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும். அது அவர்கள் வழக்கம். பள்ளியில் கற்றுக்கொடுத்தது எனக்கு நினைவிருந்தது. அதனால் அந்த ஒரு பதிலை மட்டும் தடுமாறாமல் சொல்லிவிடுவேன். நாங்கள் வருவதற்கு முன்பு காலி வீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாராம்.

பெயர்ப்பலகை மாறிய அன்றைக்கும் சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் போன சற்று நேரத்தில் தெருக்கோடியில் இரண்டு வீடுகளுக்கு முத்திரைத் தாள் ஒட்டினார்கள். இரண்டிலும் ஜப்பானியப் பெயர். அப்பா உள்ளே ஓடினார். தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றில் 'லிம்' என்று எழுதி, 'குவாபாரா'வைக் கழற்றிவிட்டு மாட்டினார்.

"வாக்குக் குடுத்தீங்களே" என்றாள் அம்மா.

"வீடே போயிட்டா வாக்கை எங்கடி மாட்டறது?"

பிறகு அப்பா பட்டறைக்குப் போனார். அம்மாவும் நானும் பழைய வீட்டில் மிச்சம் இருந்த பானைகளை எடுத்துவரப் போனோம்.

அன்று மாலைதான் குவாபாரா அம்மா என்னைக் கேட்டது. அப்பாவே முன்னால் வந்து, பாயில் நெற்றி படக் குனிந்தார். "அதிகாரிங்க வந்துட்டாங்கம்மா, பயந்துட்டேன். விடிஞ்சதும் ரெண்டு பலகையையும் சேத்து மாட்டிடறேன்."

"ஒரு நாள்தானே, பரவாயில்லை" என்றார் அவர்.

விடிந்ததும் அப்பா முக்காலிமேல் ஏறி நின்றார். குவாபாரா அம்மா அவருடைய பலகையைத் துணியால் துடைத்து நீட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் டோஃபு விற்கிற கெங் அக்கா கூடையோடு வந்து நின்றாள்.

"லிம் அண்ணே, யார்கிட்டயாவது கடன்கிடன் வாங்கியிருக்கீங்களா? நேத்து மத்தியானம் ஒரு பட்டாளத்துப் பையன் இந்த வாசல்ல நின்னு உங்க பேரையே முறைச்சுக்கிட்டிருந்தான்."

அப்பாவின் கையில் சுத்தியல் அப்படியே நின்றது.

"கதவைத் தட்டினான், யாருமில்லை. இங்க இருந்தவங்க போயிட்டாங்களான்னு என்னைக் கேட்டான். பலகையைப் பாத்தா தெரியலையா தம்பி, போயாச்சுன்னேன். கீலுங் துறைமுகத்துக்குப் போற வழியாம், அரை நாள் லீவாம். சுத்தி அலைஞ்சு தேட நேரமில்லைன்னான். கதவைப் பாத்துக் குனிஞ்சு கும்பிட்டுட்டுப் போயிட்டான், பாவம்." பிறகுதான் அவள் குவாபாரா அம்மாவைக் கவனித்தாள். "ஐயோ, நீங்க இன்னும் போகலையா?"

அப்பாவும் குவாபாரா அம்மாவும் அடுத்த ரயிலுக்கே ஓடினார்கள். இருட்டிய பிறகு திரும்பி வந்தார்கள்.

"படகுத்துறையில கயிறு கட்டியிருந்த தடமே காயலை" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். "இன்னிக்குக் காலையிலதான் கப்பல் கிளம்பியிருக்கு. அந்தம்மா தண்ணியைப் பாத்துக்கிட்டே நின்னாங்க. என்னைத் திட்டியாவது தொலைச்சிருக்கலாம்டி."

அன்றிரவே அப்பா தன் பலகையைக் கழற்றி அடுப்பில் போட்டார். வாசலில் 'குவாபாரா' மட்டும் தொங்கியது. அதிகாரிகள் வந்தால் வரட்டும் என்றார். இனி அதைப் படிக்க வேண்டியவன் வரப்போவதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

குவாபாரா அம்மா எங்கள்மேல் கோபம் காட்டவில்லை. கறிக்கு உப்புப் போதுமா என்று கேட்டால் போதும் என்றார். தன்னுடைய கப்பல் தேதி வந்தபோது பாய்களையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தார்.

அந்தக் காலையில் மூட்டையைத் தூக்க அப்பா கை நீட்டினார். குவாபாரா அம்மா அதைத் தன் பக்கமாக இழுத்து, தானே முதுகில் ஏற்றிக் கட்டிக்கொண்டார். நான் வாசல்படியில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். 'போயிட்டு வாங்க' என்ற அந்தப் பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவர் ஆரம்பித்தால் போதும்.

முந்தின நாளே வாசலைப் பார்க்க வைத்திருந்த செருப்பில் காலை நுழைத்துக்கொண்டார். வெளியே போய், கதவைச் சத்தம் வராமல் இழுத்து மூடினார். சரளைக்கல்லில் அவருடைய காலடி கேட் வரைக்கும் கேட்டது.