நடு லேன்காரர்

“கைய மொதல்ல உள்ள எடுங்க.”

“அண்ணே, கொஞ்சம் மெதுவாப் போனீங்கன்னா நுழைஞ்சிடுவேன்.”

“நீங்க நடு லேன். நாங்க இடது லேன். இதுல என்ன பேச்சு?”

இரண்டு கார்களும் எண்பதில் ஒட்டினாற்போல் ஓடிக்கொண்டிருந்தன. நடு லேனில் தெய்வசிகாமணி. இடது லேனில் ஞானப்பிரகாசம். பக்கத்தில் அவர் மனைவி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சாலையில் இன்டிகேட்டரை யாரும் நம்புவதில்லை. எரிந்தால், அணைக்க மறந்துவிட்டார் என்று பொருள். கை காட்ட வேண்டும். அதையும் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் இருப்பவர் காட்ட வேண்டும். தெய்வசிகாமணி தனியாக வந்திருந்தார். பக்கத்து இருக்கையில் சாய்ந்து, தன் கையையே நீட்டினார். அது கையாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

“பொண்ணு நிக்கிறாண்ணே. ஸ்கூல் விட்டாச்சு.”

சர்வீஸ் ரோடு பிரியும் இடத்தில், சீருடையில், தண்ணீர்ப் புட்டியோடு செவ்வந்தி நின்றிருந்தாள். பிரிவு கடந்து போயிற்று.

நிறுத்த முடியாது. பின்னால் ஒரு பேருந்து ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் வந்தது. வலது லேன் வேகமாகப் போகிறவர்களுக்கானது. அதனால் அதில் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

இரண்டு பாலங்கள் தாண்டியதும் அதே பிரிவு மறுபடி வந்தது.

“போன வாரம் இப்படித்தான் ஒருத்தன உள்ள விட்டோம்,” என்றாள் ஞானப்பிரகாசத்தின் மனைவி. “இப்ப அவன் மச்சான் வந்து கை நீட்டுறான்.”

“எங்கம்மா இந்த லேன்லதான் பொறந்தாங்க. இதுலதான் போய்ச் சேந்தாங்க,” என்றார் ஞானப்பிரகாசம். “ஒரு தடவ கூட வெளிய எட்டிப் பாத்ததில்ல.”

“நான் உங்க லேன்ல இருக்க வரலண்ணே. தாண்டிப் போகத்தான்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. எது உங்க பொண்ணு? தாவணி போட்ட பொண்ணா?”

தெய்வசிகாமணி பார்த்தார். தாவணிதான். உயரமாகியிருந்தாள். கையைக் கண்ணுக்கு மேல் வைத்து ஒவ்வொரு காராகத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். இடது லேன் முழுவதும் ஒரே நேரத்தில் நெருங்கியது. ஒரு விரல்கூட நுழையாது.

“ஒரசிப் பாருங்க,” என்றார் ஞானப்பிரகாசம் அமைதியாக. “அப்புறம் எங்காளுங்க எறங்குவாங்க.”

மூன்றாம் முறை அந்த இடத்தில் யாரும் நிற்கவில்லை.

ஞானப்பிரகாசத்தின் கார் பின்தங்கியது. அது விட்ட இடத்துக்கு ஒரு நீலக் கார் வந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட பெண் ஓட்டினாள். முன்னால் போகும் வண்டியை இடைவெளி விடாமல் பிடித்துக்கொண்டு, அந்த லேனிலேயே பிறந்தவளைப் போல ஓட்டினாள். செவ்வந்தியேதான்.

அவர் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. கார்க் கண்ணாடி மேலே ஏறத் தொடங்கியது.

“செவ்வந்தி, அப்பா வந்துட்டேன். ஒரு வண்டிக்கு மட்டும் எடம் விடும்மா.”