அல்ஹாஜாவின் பழைய நம்பர்

என் பெயர் அடுன்னி. நைஜீரியாவின் இபாதான் நகரத்தில், மொக்கோலா பக்கம் முடி பின்னும் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த வாய் மட்டும் இல்லாவிட்டால் அல்ஹாஜா முயிபத்தின் பதினெட்டு லட்சம் நைராவும் ஊர் பேர் தெரியாத எவனோ ஒருவன் வயிற்றுக்குள் போயிருக்கும்.

எல்லாம் ஒரு சிம் கார்டால் வந்தது. என் பழைய சிம் ஒரு மழை நாளில் போனோடு சேர்ந்து சாக்கடைக்குள் போய்விட்டது. புதுசு வாங்கினேன். புதுசு என்று பெயர்தான்; யாரோ விட்டுவிட்டுப் போன நம்பரைத் தூசி தட்டி என் தலையில் கட்டியிருக்கிறார்கள். மறுநாள் காலையிலேயே ஒருத்தி கூப்பிட்டாள். "அல்ஹாஜா, எலுபோ மாவு மூட்டை இன்னைக்கு என்ன விலை?"

"நான் முடி பின்றவ. தலை இருந்தா கொண்டு வா. ஆமலாக் களி கிண்ட மாவு வேணும்னா வேற ஆளைப் பாரு" என்றேன்.

ஒருவர் இருவர் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். தினமும் வந்தது. கூடவே வங்கியின் மெசேஜும் வந்தது. முயிபத் என்பவர் கணக்கில் இவ்வளவு வரவு, இவ்வளவு பற்று, இவ்வளவு மீதி. கார்டு பராமரிப்புக் கட்டணம் என்று ஒன்று. ஒரு கார்டைப் பராமரிக்க என்ன இருக்கிறது? குளிப்பாட்டித் தலை வாரிவிடுகிறார்களா? மாசக் கடைசியில் சேதிக் கட்டணம் என்று இன்னொன்று. மெசேஜ் ஒன்றுக்கு நாலு நைரா. அந்தம்மா என்றைக்கு அரிசி வாங்கினார், என்றைக்கு லாரிக்காரனுக்குக் கொடுத்தார் என்று அவர் புருஷனைவிட எனக்கு நன்றாகத் தெரிந்தது.

இது சரியில்லை என்று ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு வங்கிக்கே போனேன். கணக்குக்காரரே நேரில் வந்தால்தான் நம்பரை மாற்ற முடியும் என்று அனுப்பிவிட்டார்கள். மாவு கேட்டுக் கூப்பிட்ட ஒருத்தியிடம் அல்ஹாஜாவின் இப்போதைய நம்பரை வாங்கி, அவரையே கூப்பிட்டேன்.

"அல்ஹாஜா, உங்க பேங்க் மெசேஜ் எல்லாம்..."

'பேங்க்' என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம்.

"அடி திருட்டுக் கழுதை! போன வாரம் ஒருத்தன், இந்த வாரம் நீயா? உன்னை மாதிரி எத்தனை பேரைப் பாத்திருக்கேன்! என் கிட்ட உன் பருப்பு வேகாது!"

போனை வைத்தார். மறுபடி கூப்பிட்டால் போகவே இல்லை. என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்; அது தன் பழைய நம்பர்தான் என்றுகூடப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏழு மாதம் இப்படியே போனது. ஒரு செவ்வாய்க்கிழமை, மொபோலாவுக்கு முடி பின்னிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். அந்த வாரம் அவள் அண்ணனுக்குக் கல்யாணம். பாதித் தலைதான் முடிந்திருந்தது. போனில் ஒரு மெசேஜ். அல்ஹாஜா கார்டில் மூன்று லட்சத்துக்கு ஏதோ வாங்க ஆறு இலக்க ஓடிபி. 'இதை யாரிடமும் சொல்லாதீர்கள், வங்கி ஊழியரிடமும் சொல்லாதீர்கள்' என்று கீழேயே எழுதியிருந்தது. படித்து முடிப்பதற்குள் போன் அடித்தது.

"வணக்கம் மேடம். பேங்க் பாதுகாப்புப் பிரிவுல இருந்து பேசறேன். அல்ஹாஜா முயிபத்துங்களா? உங்க கார்டை யாரோ தப்பாப் பயன்படுத்தப் பாக்கறாங்க. தடுக்கணும்னா இப்ப வந்த ஆறு நம்பரைச் சொல்லுங்க."

பூனை தானே வந்து மீனைப் பாதுகாக்கிறேன் என்கிறது. மொபோலாவைப் பார்த்து வாயில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, குரலில் கொஞ்சம் வயதை ஏற்றிக்கொண்டேன்.

"அய்யோ, நல்ல வேளை கூப்பிட்டே தம்பி! நீ நல்லா இருப்பே. இரு, கண்ணாடியைத் தேடறேன்."

"சீக்கிரம் மேடம்."

"கிடைச்சுது. மொத நம்பர் மூணு. இல்ல, எட்டு மாதிரி இருக்கு. தம்பி, நீ சாப்பிட்டியா?"

"மேடம், நேரம் முடியப்போகுது!"

இல்லாத நம்பரெல்லாம் ஐந்து சொல்லி, ஒவ்வொன்றுக்கும் அவனை மூச்சு வாங்க வைத்தேன்.

"கடைசி நம்பர் மேடம்?"

"அதுவா? போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிக்கோ. உங்கம்மாவையும் கூட்டிட்டு வா, நாலு வார்த்தை அவங்களையும் கேக்கணும்."

"கிழவி! நீ சொல்லாட்டா என்ன? சாயங்காலத்துக்குள்ள உன் கணக்கைத் தொடச்சு வெக்கறேன் பாரு!"

மொபோலாவும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து ஓய்வதற்குள் இன்னொரு மெசேஜ். அல்ஹாஜா கணக்கிலிருந்து நாற்பதாயிரம் நைரா போய்விட்டது. ஏதோ வெளிநாட்டுக் கடை.

"ஓடிபி இல்லாம எப்படிடி போச்சு?"

மொபோலாவின் முகம் மாறிவிட்டது. "வெளிநாட்டுக் கடைங்க நிறைய ஓடிபி கேக்காதுக்கா. கார்டு நம்பர் கையில இருந்தாப் போதும். அவன் சொன்னதைச் செஞ்சுருவான்."

மொபோலா தன் போனில் அல்ஹாஜாவைக் கூப்பிட்டாள். 'பேங்க்' என்றதும் அங்கேயும் இணைப்பு அறுந்தது. இனி ஒரே வழி அவர் மாவு விற்கும் போடிஜா சந்தைக்கு நேரில் போவதுதான்.

"பாதித் தலையோடயா?" என்றாள் மொபோலா.

"உன் பாதித் தலை பெருசா, அவங்க முழுப் பணம் பெருசா? ஏறு."

ஒகாடா வாடகை பைக்கில் இரண்டு பேரும் ஏறினோம். வழியிலேயே இன்னொரு அறுபதாயிரம் போனது. யார் வீட்டுப் பணமோ, எனக்கு என் மடியிலிருந்து உருவுவது போல் வயிறு எரிந்தது.

மாவுக் கடை வரிசையில் அல்ஹாஜாவைத் தேட வேண்டியதே இல்லை. ஒவ்வொரு பையிலும் அவர் பெயரும் என் நம்பரும் பெரிதாக அச்சாகியிருந்தன. அதன் கீழே புது நம்பரைப் பேனாவால் கிறுக்கியிருந்தார். மாவு படிந்து பாதி அழிந்துவிட்டது. அச்சடித்த பை தீரும்வரை புதுசு அடிக்க மாட்டாராம். அந்தத் திருடனும் எல்லோரையும் போல அச்சு நம்பரைத்தான் கூப்பிட்டிருக்கிறான். மூட்டைகளுக்கு நடுவே அகலமாக உட்கார்ந்திருந்தார் அல்ஹாஜா.

"அல்ஹாஜா, கோவிக்காம கேளுங்க. உங்க பழைய நம்பர் இப்ப என் கிட்ட இருக்கு. உங்க கார்டுல இருந்து இப்பவே பணம் போயிட்டிருக்கு." காதருகே குனிந்து கணக்கில் உள்ள மீதியையும் சொன்னேன்.

அவர் கண் விரிந்தது. "என் கணக்குல இருக்கிறது உனக்கு எப்படித் தெரியும்?" எழுந்து நின்றார். "திருடி! போன்ல பேசினவ இவதான்! திருடி!"

எங்கள் சந்தையில் அந்தச் சொல் வாயை விட்டு வெளியே வந்துவிட்டால் அடிதான் முதலில், விசாரணை எல்லாம் அப்புறம். ஒரு மூட்டைக்காரன் என் மணிக்கட்டைப் பிடித்தான். ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். மொபோலா அழத் தொடங்கினாள். பயந்துதான் போனேன். ஆனால் எனக்குப் பயம் வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும்.

"நிறுத்துங்க! உங்க பின் நம்பரைக் கேட்டேனா? கார்டைக் கேட்டேனா? திருட வந்தவ கேப்பா, நான் சொல்லத்தானே வந்தேன்! ஏழு மாசமா உங்க மெசேஜ் பூரா எனக்கு வருது!"

"பொய்! என் கிட்டக் கதை விடாதே. மெசேஜ் நின்னு போச்சு, அதுக்கான கட்டணமும் நின்னு போச்சு. ஏழு மாசமா அந்தப் பேங்குக்கு மெசேஜுக்குன்னு ஒத்தைக் காசு அழல நான்!" அதில் அவருக்கு எவ்வளவு பெருமை! பக்கத்துக் கடைக்காரிகளும் தலையாட்டினார்கள். எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார் போல.

"நின்னு போச்சா? மாசாமாசம் நீங்க காசு கட்டறீங்க, நான் ஓசியில படிக்கறேன்! இந்தாங்க, பாருங்க!"

போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். அல்ஹாஜா வாங்கி, உதடு அசையப் படித்தார். சேதிக் கட்டணம். கீழே தள்ளினார். சேதிக் கட்டணம். இன்னும் தள்ளினார். லட்சம் போகிறது என்றபோது நம்பாதவர், நாலு நைராவில் ஆடிப்போனார்.

"என் காசுலயா நீ படிச்சே?"

"ஆமா."

"அடப் பாவிங்களா!" என்று மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "அவ கையை விடுடா."

பிறகுதான் மற்றது வெளியே வந்தது. பின் நம்பரை அவர் புருஷனுக்குக்கூடச் சொன்னதில்லை. ஆனால் போன மாதம் வியாபாரிகளுக்குக் கடன் தருகிறேன் என்று ஒருவன் வந்தான். கார்டை முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொண்டு போனான்.

"பின்னாடி மூணு நம்பர் இருக்கே, அதான் அல்ஹாஜா சாவி" என்றாள் மொபோலா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கடைக்காரன் கேக்கறது அதைத்தான்."

கணக்கை உடனே முடக்க வங்கிக்கு ஒரு அவசர எண் உண்டு. அதைப் பதிவான போனிலிருந்துதான் அடிக்க முடியும். பதிவான போன் என்னுடையது. அது பின் நம்பர் கேட்டது. அல்ஹாஜா போனை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"திரும்பிக்கோ."

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவளிடம் சொல்லும் பேச்சா இது? ஆனாலும் திரும்பிக்கொண்டேன். மூட்டைக்காரனையும் திரும்ப வைத்தேன்.

கணக்கு முடக்கப்பட்டது என்று மெசேஜ் வந்தது. அவர் என் போனை இன்னும் என்னிடம் கொடுக்கவில்லை. அதற்குள் மறுபடி ஒலித்தது. ஐந்து லட்சத்துக்கு ஒரு முயற்சி. நிராகரிக்கப்பட்டது. அல்ஹாஜா அதை இரண்டு தடவை படித்தார்.

பிறகு எழுந்து, திருடி என்று கத்திய அதே தொண்டையில் கத்தினார். "எல்லாரும் கேட்டுக்கோங்க! இவ திருடி இல்ல! ஏழு மாசமா என் மடிப்பணம் இவ கையில இருந்துச்சு, ஒரு நைரா எடுக்கல!" என் பக்கம் திரும்பினார். "ஏன்டி எடுக்கல?"

"என்னுது இல்ல. அதான் எடுக்கல. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

அன்று மாலையே அவரை இழுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். பழைய கார்டு செத்தது. போன ஒரு லட்சத்துக்குப் புகார் பதிவானது. புது நம்பர் ஏறியது. புது கார்டுக்குக் கட்டணம் உண்டு என்றதும் அல்ஹாஜா போட்ட சண்டையில் வரிசையே வேடிக்கை பார்த்தது. கடைசியில் மேசைக்குப் பின்னாலிருந்த பெண் கேட்டாள், "ஏதாவது அவசரம்னா கூப்பிட இன்னொரு ஆளோட நம்பர் சொல்லுங்க, அம்மா."

அல்ஹாஜா யோசிக்கவே இல்லை. தன் பழைய நம்பரை மனப்பாடமாகச் சொன்னார்.

"யாரு நம்பர் இது? உங்களுக்கு என்ன உறவு?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தங்கச்சின்னு போடு" என்றார். "ஆனா மெசேஜ் மட்டும் இவளுக்கு அனுப்பிடாதே. ரெண்டு பேருக்கு என்னால காசு கட்ட முடியாது."