கீறல் இல்லாத வளையங்கள்

இந்தப் படம் இவ்வளவு சுத்தமாக இருக்கக் கூடாது.

சயோரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அணு இணைவு இயந்திரத்தின் காலியான கலத்துக்குள் எலக்ட்ரான் கற்றையை விட்டால், அது காந்தப்புலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். ஒளிரும் பூச்சுள்ள கம்பி ஒன்றை அதன் குறுக்கே வீசினால், பட்ட இடமெல்லாம் பச்சைப் புள்ளி. புள்ளிகள் சேர்ந்து ஒன்றுக்குள் ஒன்றாய் வளையங்கள். வளையங்கள் முழுதாக இருந்தால், இயந்திரம் ஓடும்போது கொதிக்கும் வாயுவான பிளாஸ்மா அவற்றுக்குள் அடங்கும். உடைந்தால் சூடு அந்த வழியே சுவரைச் சுட்டுவிடும்.

நிலநடுக்கத்துக்குப் பிறகு அவள் எடுத்த படத்தில் வெளி வளையம் மூன்று சிறு கண்களாகப் பிரிந்திருந்தது. ஏதோ ஒரு காந்தச் சுருள் நகர்ந்திருக்கிறது. இன்றைய படத்தில் அந்தக் கண்களைக் காணோம்.

"நீங்க லீவுல இருந்தப்ப மறுபடி எடுத்தோம். சரியாயிடுச்சு," என்று தொகாஷி அவள் முன் காப்பி டின்னை வைத்தார். அவளுடைய பிரிவின் தலைவர். இத்தனை வருடத்தில் அவர் வாங்கித் தரும் முதல் காப்பி.

"தானாவா, தொகாஷி-சான்?"

"அன்னைக்கு மின்சாரம் தடுமாறியிருக்கும். உங்களுக்கு எதுலயும் சந்தேகம்தான். கல்யாணத்துக்கு வந்தாக்கூட மாப்பிள்ளையை அளந்து பாப்பீங்க."

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஒருவேளை எப்போதும் இப்படிக் கேலி செய்யும் அவர் மீதுள்ள கசப்புதான் இப்படி யோசிக்க வைக்கிறதோ? அவருடைய ஒரு சொல்லில்தான் அவள் வேலை ஒப்பந்தம் நீளும். கசப்பைத் தள்ளிவைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

வசந்தத்தில் அந்தக் கம்பியின் பூச்சு ஓரிடத்தில் உதிர்ந்தது. அதன்பின் எடுத்த எல்லாப் படத்திலும் வளையங்களின் குறுக்கே மெல்லிய கறுப்புக் கீறல் விழும். இதில் இல்லை.

"கம்பியை மாத்திட்டீங்களா?"

"கலத்தைத் திறக்காம எப்படி மாத்தறது?" என்று சிரித்தவர், சட்டென்று நிறுத்தினார். பிறகு குனிந்து, "அமைச்சகத்துக்காரங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்காங்க. ஒரே ஒரு ஷாட், ஒரு தடவை ஓட்டிக் காட்டினாப் போதும். பழைய படமா இருந்தா என்ன?" என்றார்.

இயந்திரத்தை ஓட்டும் முன், வழக்கம்போல் ஒவ்வொருவராகத் தங்கள் திரையை விரல் நீட்டிக் காட்டிச் சொல்லத் தொடங்கினார்கள்.

"வெற்றிடம், யோஷி!"

"குளிர்விப்பு, யோஷி!"

யாராவது ஒருவர் 'யோஷி', அதாவது சரி, என்று சொல்லாவிட்டாலும் இயந்திரம் ஓடாது.

"காந்தப் புலம்?"

அது சயோரியின் பொறுப்பு. எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். தொகாஷி அவள் விரலையே பார்த்தார்.

சயோரி திறக்காத காப்பி டின்னை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் இல்லை," என்றாள்.